சி.ஓ.பி.டி. உள்ள அம்மாவுக்காக வாங்கிய கையடக்கக் காற்று மீட்டர்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சி.ஓ.பி.டி.யோ (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) ஆஸ்துமாவோ உள்ளவர் இருந்தால் இந்த மாதிரி ஒரு மீட்டர் வாங்கலாம், காசு வீண் போகாது. ஆனால் இதை மருத்துவக் கருவி என்று நினைத்து வாங்காதீர்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் உடம்புக்குள் நடப்பதைக் காட்டுகிறது. இது உடம்பைச் சுற்றியிருக்கும் காற்றை மட்டும் பார்க்கிறது, அதிலும் தூசியை, புகையை மட்டும். அந்த அளவில் எதிர்பார்த்தால் நிறைய சொல்லிக் கொடுக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா படுக்கும் அறை, சமையல் நேரம், மருந்துக்கடைக்குப் போகும் வழி என்று பல விஷயங்கள் இதனால் மாறின. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. காரணம், நான் வாங்கிய அதே டப்பா, அதே ஸ்கிரீன், அதே ஆப் வேறு வேறு பெயர் ஒட்டி விற்கிறார்கள். பெயரை விட உள்ளே என்ன சென்சார் இருக்கிறது என்பதுதான் முக்கியம், அதைக் கீழே சொல்கிறேன். விலை 6,500 ரூபாய். உள்ளங்கைக்குள் அடங்கும், எடை ஒரு சின்ன செல்போன் அளவுதான், பின்பக்கம் ஒரு கிளிப், யு.எஸ்.பி. சார்ஜ், ப்ளூடூத்தில் போனோடு பேசும்.

அம்மாவுக்கு 67 வயது. வாழ்க்கையில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. விழுப்புரம் பக்கம் கிராமத்தில் கல்யாணம் ஆன நாளிலிருந்து சவுக்கு மிலாறு, வரட்டி, மழைக்காலத்தில் ஈர விறகு என்று ஜன்னல் இல்லாத அடுப்படியில் சமைத்தவர். சி.ஓ.பி.டி. என்றாலே சிகரெட் குடிப்பவர்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டு இருமலுக்கு டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டே வருடங்கள் போய்விட்டன. ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை, எடுத்த பிறகுதான் தெரிந்தது. இப்போது என்னோடு வடசென்னையில், வியாசர்பாடி பக்கம் இருக்கிறார். இன்ஹேலர் தினமும், மூச்சு மோசமானால் நெபுலைசர்.

டாக்டர் ஒவ்வொரு முறையும் "புகை, தூசு இல்லாத இடத்துல இருக்கச் சொல்லுங்க" என்பார். சரி, ஆனால் எந்த இடம்? எந்த நேரம்? நான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பக்கத்தில் கொடுங்கையூரில் ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, மணலியில் இருக்கிறது, ராயபுரத்தில் இருக்கிறது. அந்த எண் பச்சையாக இருக்கும் நாளிலும் அம்மாவுக்கு ராத்திரி மூச்சு இழுக்கும். சிவப்புக்குப் பக்கத்தில் போன நாளில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இது எங்கள் அம்மாவின் விசித்திரம் இல்லை. நிலையம் ஊர்க் காற்றை அளக்கிறது. அதுவும் அந்த ஆப்பில் வரும் காற்றுத் தரக் குறியீடு (ஏ.க்யூ.ஐ.), தூசியைப் பொறுத்தவரை, 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடப்படுவது. காலையில் ஒரு மணி நேரம் தெருவில் குப்பை எரித்ததெல்லாம் அந்தச் சராசரியில் கரைந்து போய்விடும். அம்மாவோ ஒரு நாளில் பெரும்பகுதி வீட்டுக்குள், நாலு சுவருக்கு நடுவில் இருக்கிறார். அவர் மூக்குக்கு அருகில் என்ன இருக்கிறது என்று எந்த நிலையத்துக்கும் தெரியாது.

இதை ஆராய்ச்சி செய்பவர்கள் ரொம்ப நாளாகவே சொல்லி வருகிறார்கள். நம்ம போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு வீட்டு அடுப்புப் புகையை அளப்பதில் உலகம் அறிந்த பெயர். ஹேப்பின் என்று நாலு நாடுகளில் நடந்த ஆய்வில் தமிழ்நாட்டுப் பகுதியை அவர்கள்தான் நடத்தினார்கள். நாலு நாட்டிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்து, பெண்களின் உடையிலேயே சின்னக் கருவியை மாட்டிவிட்டு, அவர்கள் உண்மையில் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். விறகு அடுப்புக்காரர்களுக்குக் கனமீட்டருக்கு சுமார் 70 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது, கேஸ் அடுப்புக்காரர்களுக்கு 24-க்கு வந்துவிட்டது. (குழந்தையின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை என்று 2022-ல் முடிவு வெளியானது, அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.) லண்டனில் சி.ஓ.பி.டி. நோயாளிகளிடமே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, போகிற இடத்துக்கெல்லாம் கூடவே எடுத்துப் போகச் சொல்லி ஆய்வு செய்திருக்கிறார்கள். அந்த வரிசையில் பார்த்தால் நான் வாங்கியது ஏழையின் பதிப்பு. ஆய்வுக் கருவிகள் சிலவற்றில் ஒரு வடிதாள் இருக்கும், துகள் அதில் படியும், பிறகு ஆய்வகத்தில் எடை போட்டு எண்ணைச் சரிபார்ப்பார்கள். நம்முடையதில் அது கிடையாது, லேசர் மட்டும்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எண்ணை நம்பவும் முடியும், சந்தேகப்படவும் முடியும். உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றின் குறுக்கே லேசர் ஒளி போகிறது. துகள் வந்தால் ஒளி சிதறும், சிதறிய ஒளியை ஒரு சென்சார் பிடித்து, இத்தனை துகள், இந்த அளவு என்று கணக்குப் போட்டு மைக்ரோகிராமாக மாற்றிச் சொல்கிறது. எடை போடுவதில்லை, ஊகிக்கிறது. அதனால் துகள் எதனால் ஆனது என்று அதற்குத் தெரியாது. விறகுப் புகையா, டீசல் கரியா, பாண்ட்ஸ் பவுடரா, தண்ணீர்த் துளியா, எல்லாம் ஒன்றுதான்.

அதில் முதலில் எங்களைப் பதற வைத்தது நெபுலைசர். அம்மா மாஸ்க்கைப் போட்டு உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் மீட்டர் 40-லிருந்து கிடுகிடுவென்று ஏறி 600-ஐத் தாண்டியது, ஸ்கிரீன் ஊதா நிறமாகிவிட்டது. தங்கச்சி ஓடிவந்து நெபுலைசரை நிறுத்தப் போனாள். ஒன்றும் இல்லை, மாஸ்க் ஓரத்தில் வெளியே வரும் மருந்து ஆவியின் நுண்துளிகளைத்தான் லேசர் தூசி என்று எண்ணிக்கொண்டிருந்தது. நெபுலைசர் வைக்கும் நேரத்தில் மீட்டரை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள், துளி உள்ளே படிந்தால் சென்சாருக்கும் நல்லதில்லை. இட்லிப் பானை திறக்கும்போது, வெந்நீர் வைத்துக் குளிக்கும்போது, மார்கழிப் பனியில் மொட்டை மாடியில் நிற்கும்போது, எல்லாவற்றிலும் இதே கதை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். சென்னையில் வருடத்தில் பாதி நாள் விடிகாலையில் அந்த ஈரம் இருக்கிறது. மீட்டரிலேயே ஈரப்பதமும் காட்டினால் அந்த எண்ணையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து ஏறினால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும்.

அடுத்தது கலர். இந்த மாதிரி மீட்டர்களின் பெரிய தொல்லை இதுதான் என்பேன். ஆப்பில் வரும் குறியீடு எந்த நாட்டுக் கணக்கு என்று பாருங்கள். நுண்துகள், அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழேயும் உள்ள தூசியான பி.எம். 2.5, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் நாட்டுக் குறியீட்டில் அது 100, "திருப்தி" என்ற வரிசையின் கடைசிப் படி. அதே 60, அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டிவிடும், "உடல்நலத்துக்குக் கேடு" என்று சிவப்பு காட்டும். ஒரே காற்றுதான். எங்கள் மீட்டர் அமெரிக்கக் கணக்கில் வந்தது, சமீர் ஆப் இந்தியக் கணக்கு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த என் தம்பி மீட்டர் பொய் சொல்கிறது என்றே முடிவு கட்டிவிட்டான். செட்டிங்ஸில் போய் குறியீட்டை அணைத்துவிட்டு மைக்ரோகிராம் எண்ணை மட்டும் காட்டும்படி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மூன்று எண் போதும்: உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன 24 மணி நேர அளவு 15, இந்திய வரம்பு 60, உங்கள் வீட்டில் ஜன்னல் திறந்து யாரும் ஒன்றும் எரிக்காத நேரத்தில் வரும் எண். இந்த மூன்றாவதுதான் உங்களுக்கு அளவுகோல். எங்களுக்கு அது சாதாரண நாளில் 25-லிருந்து 40 வரை.

எண் எவ்வளவு நம்பகம் என்று நான் பார்த்த விதம் இது: மொட்டை மாடியில் மழை படாத இடத்தில் வைத்து, மணிக்கணக்கில் பதிவான சராசரியை நிலையத்தின் மணிவாரி எண்ணோடு ஒப்பிட்டேன். நிலையம் கொஞ்ச தூரத்தில் இருப்பதால் அச்சாகப் பொருந்தாது. ஆனால் ஏற்ற இறக்கம் சேர்ந்தே போனது. காலையில் உயர்ந்து, மதியம் கடல்காற்று நுழைந்ததும் இறங்கி, ராத்திரி மறுபடி ஏறும் அந்த வளைவு இரண்டிலும் ஒன்றுதான். என் மீட்டர் எப்போதும் சற்று அதிகமாகவே காட்டியது, விடிகாலையில் இன்னும் அதிகமாக. ஆகவே 38-ஆ 45-ஆ என்று மல்லுக்கட்டாதீர்கள். 40 எப்போது 300 ஆனது, அப்போது பக்கத்தில் என்ன நடந்தது, அதுதான் இந்தக் கருவி சொல்லும் சேதி.

இப்போது முக்கியமான பகுதி, எங்கே மாட்டுவது. ஆய்வுகளில் மூக்கு, வாயிலிருந்து ஒரு அடிக்குள் என்பார்கள். நடைமுறையில் புடவை கட்டும் 67 வயது அம்மாவுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. கிளிப் ஆண்களின் பெல்ட்டுக்கோ பேண்ட் பாக்கெட்டுக்கோ செய்தது போல இருக்கிறது. இடுப்பில் சொருகினால் புடவை மடிப்பு காற்று நுழையும் ஓட்டையை மூடிவிடும், எண் 5, 6 என்று இமயமலைக் காற்றைக் காட்டும். மஞ்சப்பையில் போட்டால் பைக்குள் இருக்கும் காற்றைத்தான் அளக்கும். கடைசியில் தங்கச்சி ஒரு துணி நாடா தைத்து, அடையாள அட்டை போல கழுத்தில் தொங்கவிட்டு, தோள் பக்கம் ஒரு சேஃப்டி பின் குத்திவிட்டாள், முந்தானைக்கு வெளியே. முதல் நாள் அம்மா, "ஏண்டி, இதைக் கட்டிக்கிட்டா மூச்சு வந்துடுமா?" என்றார். ஆனால் கழற்றவில்லை. குளிக்கும்போதும் படுக்கும்போதும் தவிர மாட்டிக்கொண்டே இருந்தார். படுக்கும்போது தலைமாட்டு ஸ்டூலில் வைப்போம். அந்தக் குட்டி ஃபேன் ராத்திரி அமைதியில் கேட்கிறது, ஒரு மெல்லிய ஙொய் சத்தம். தூக்கம் லேசாக இருப்பவர்களுக்கு எரிச்சல்தான், கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டியிருந்தது.

கூடவே ஒரு பழைய டைரி. நேரம், அம்மா எங்கே இருந்தார், என்ன செய்தார், மூச்சு எப்படி, இன்ஹேலர் கூடுதலாக எடுத்தாரா. இந்த டைரி இல்லாமல் மீட்டர் மட்டும் வாங்கினால் பாதிப் பயன்தான். ராத்திரி ஆப்பில் வரும் வளைவையும் டைரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எங்கள் வீட்டில் மலை போல நிமிர்ந்து நின்றவை எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

முதல் குற்றவாளி கொசுவர்த்திச் சுருள். அம்மா அறையில் ராத்திரி எட்டரைக்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு சுருள், கொசு வரக்கூடாதென்று ஜன்னல் சாத்தல். எண் அரை மணி நேரத்தில் 300, பிறகு 450, சுருள் அணையும் வரை, அதாவது விடியும் வரை, இறங்கவே இல்லை. நகரம் முழுக்கப் பச்சையாக இருந்த ஒரு ராத்திரியில் அம்மா அந்த 450-க்குள் படுத்திருந்தார். ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது வெளியே விடும் நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அந்த வரியை நான் முன்பே எங்கோ படித்திருக்கிறேன், படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். நம் அம்மா தலைமாட்டில் எண்ணாகப் பார்ப்பது வேறு. மறுநாளே கொசுவலை வந்துவிட்டது. (ஸ்விட்ச்சில் மாட்டும் லிக்விட் போட்டால் மீட்டர் பெரிதாக அசையவே இல்லை. அதனால் அது நல்லது என்று ஆகிவிடாது. லேசர் பார்ப்பது துகளை, அந்த ஆவியை அல்ல. அதற்கும் அம்மாவுக்கு இருமல் வருகிறது, ஆகவே அதுவும் வேண்டாம் என்று விட்டோம்.)

இரண்டாவது தாளிப்பு. கடுகு வெடிக்கும்போது ஒன்றும் பெரிதாக இல்லை, காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் விழுந்து எண்ணெய் லேசாகக் கருகத் தொடங்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அப்போது எண் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் ஐம்பது ஐம்பதாகக் குதிக்கும். 180, 230, 290. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரண்டியைத் திருப்பிக்கொண்டிருப்பார். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது, ஆனால் தாளித்து முடித்து நெடி ஏறிய பிறகுதான் போடுவோம். அடுப்பு பற்ற வைக்கும் முன்பே போட்டு, எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் திறந்தால் அதே தாளிப்பு 100-ஐ ஒட்டியே நின்றது, பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. மிளகாய் வறுப்பது, கருவாடு பொரிப்பது இரண்டும் இப்போது என் வேலை, அம்மா அப்போது வாசல் பக்கம் இருப்பார்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி பற்றி வீட்டில் கொஞ்சம் மனஸ்தாபமே வந்தது. சின்ன பூஜை அறை, கதவு மூடி, தூபக்கால் நிறைய புகை. எண்ணைச் சொல்லமாட்டேன், மீட்டர் தன் உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டது. நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு டப்பா சொன்னது என்று நிறுத்தச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருந்தது. கடைசியில் அம்மாவே வழி சொன்னார்: விளக்கும் பூவும் போதும், சாம்பிராணி போட்டே ஆகவேண்டிய நாளில் தங்கச்சி மொட்டை மாடியில் போட்டுக் காட்டிவிட்டு வருவாள்.

வெளியே போகும்போது கிடைத்த சேதியும் குறைவில்லை. மருந்துக்கடைக்கு இரண்டு வழி. மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், சிக்னலில் அம்மா நிற்கும்போது எண் 120, 150 என்று ஆடும். உள்தெரு வழியாகப் போனால் கொஞ்சம் சுற்று, ஆனால் 50-ஐத் தாண்டுவதில்லை. சி.ஓ.பி.டி.காரர்களுக்கு இந்த வித்தியாசம் நிஜமாகவே உடம்பில் தெரியும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. லண்டனில் 60 வயதைத் தாண்டியவர்களை ஒரு நாள் டீசல் பஸ்ஸும் டாக்சியும் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இன்னொரு நாள் ஹைட் பார்க்கிலும் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். பூங்காவில் நடந்தபோது நுரையீரல் திறன் கூடியது. தெருவில் நடந்தபோது அந்தப் பலன் அமுங்கிப்போனது, சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு இருமல், சளி, இளைப்பு அதிகமானது. 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நடக்காதே என்று யாரும் சொல்லவில்லை, எங்கே நடப்பது என்பதுதான் கேள்வி. அம்மா இப்போது விடிகாலை நடையை விட்டுவிட்டு, கடல்காற்று வந்த பிறகு சாயங்காலம் நாலரை மணிவாக்கில் உள்தெருவில் நடக்கிறார்.

சரி, குறைகள். பேட்டரி "முழு நாள்" என்று பெட்டியில் எழுதியிருக்கிறது, நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கவிட்டால் மதியத்துக்குள் மூச்சை விட்டுவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றினால் ராத்திரி வரை வரும், ஆனால் தாளிப்பு மாதிரி சட்டென்று ஏறி இறங்குவது தவறிப்போகும். நான் வீட்டில் நிமிடக் கணக்கிலும் வெளியே ஐந்து நிமிடக் கணக்கிலும் வைத்தேன். ஆப் ரொம்பச் சுமார். பதிவை எக்செல் கோப்பாக எடுக்க முடிகிறது என்பது மட்டுமே அதன் புண்ணியம். போன் பக்கத்தில் இல்லாவிட்டால் சில மாடல்கள் பதிவே செய்யாது, வாங்கும் முன் கேளுங்கள். அம்மா போனை டி.வி. மேல் வைத்துவிட்டுத்தான் நடமாடுவார், கருவிக்குள்ளேயே சேமிக்கும் வசதி இல்லாவிட்டால் எங்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது.

விற்பனையாளரின் சேவையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கட்டத்தில் எண் 0-விலேயே நின்றுவிட்டது. மெயில் அனுப்பினால் "ரீசெட் செய்யவும்" என்ற ஒரே வரி, அதற்கே ஒரு வாரம். நானே சின்ன பிரஷ்ஷால் காற்றுத் துளையில் அடைந்திருந்த பஞ்சை எடுத்த பிறகு ஓடியது. பருத்திப் புடவைப் பஞ்சு, தெருத்தூசி, தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து அந்தத் துளையை அடைக்கும். மாதம் ஒரு முறையாவது துடைக்கவேண்டும், வாயால் ஊதக்கூடாது.

இந்தக் கருவி பார்க்காதவை நிறைய. கேஸ் அடுப்பு எரியும்போதும் டீசல் வண்டியிலிருந்தும் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு, வெயில் நேரத்தில் உருவாகும் ஓசோன், மணலி பக்கத்திலிருந்து சில நாள் காற்றில் வரும் அந்தக் கந்தக நெடி, இவை எதுவும் இதில் வராது. நுரையீரல் நோய்க்கு இவையும் முக்கியம்தான். எண் 20 என்று காட்டும்போது அம்மா இளைக்கிறார் என்றால் அம்மாவைத்தான் நம்பவேண்டும். அதேபோல 0.3 மைக்ரானுக்குக் கீழே உள்ள மிகச் சிறிய துகள்களை லேசர் பார்ப்பதில்லை, புது டீசல் புகையில் அவை ஏராளம். கார்பன் டை ஆக்சைடு, ஃபார்மால்டிஹைடு எல்லாம் காட்டும் என்று மலிவான மாடல்களின் பெட்டியில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வாயு சென்சாரை வைத்து ஊகித்துப் போடும் எண்கள் அவை, ஊதுபத்தி ஏற்றினால் எல்லாம் சேர்ந்து எகிறும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது விளம்பரத்தில் சென்சார் பெயரைத் தேடுங்கள். பிளான்டவர் பி.எம்.எஸ். 5003, 7003 என்ற வரிசை உலகம் முழுக்க நிறைய பேர் சோதித்துப் பார்த்தது, மலிவும் கூட. சென்சிரியான் எஸ்.பி.எஸ். 30 இருந்தால் இன்னும் நல்லது, அது அவ்வப்போது ஃபேனை வேகமாகச் சுற்றித் தன்னையே சுத்தம் செய்துகொள்ளும், ஆயுளும் அதிகம். சென்சார் பெயரே சொல்லாத பொருளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடாதீர்கள்.

டாக்டரிடம் எடுத்துப் போனோம். வளைவை மட்டும் நீட்டியிருந்தால் பார்த்திருப்பாரோ என்னவோ, டைரியோடு சேர்த்துக் கொடுத்ததும் நிதானமாகப் புரட்டினார். எண் ஏறிய உடனே மூச்சு மோசமாக வேண்டும் என்று இல்லை, ஒன்றிரண்டு நாள் தள்ளியும் வரலாம், அப்படிப் பாருங்கள் என்றார். சுருளை நிறுத்தியது சரி என்றார். மருந்தை எதையும் இந்த எண்ணை வைத்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று அழுத்திச் சொன்னார், அதையே உங்களுக்கும் சொல்கிறேன். என்95 மாஸ்க் பற்றியும் கேட்டேன், மூச்சுத் திறன் குறைந்தவர்களுக்கு அதுவே திணறலைக் கொடுக்கலாம், ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்றார்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர் கையில் இதைக் கொடுக்காதீர்கள். சி.ஓ.பி.டி.யில் பதற்றமே மூச்சை வாங்க வைக்கும். அம்மா ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கிரீனைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார், பக்கத்து வீட்டில் ஏதோ வறுத்தால்கூட முகம் வாடியது. ஸ்கிரீனை அணைத்துவிட்டேன். அளப்பது அது பாட்டுக்கு நடக்கட்டும், பார்ப்பது நான். அந்த வசதி இருந்ததற்கு இந்த டப்பாவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுப்பேன்.

அம்மாவுக்கு மூச்சு சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். நோய் போகவில்லை, அது போகாது. ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமுவது குறைந்திருக்கிறது, அவசர இன்ஹேலர் முன்பு போல அடிக்கடி தேவைப்படுவதில்லை. சுருளை நிறுத்தியதாலா, மருந்து மாற்றியதாலா, பருவத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் புகைக்குள் அம்மா இனி படுக்கமாட்டார் என்பது போதும் எனக்கு.

ஐந்துக்கு மூன்றரை. சென்சாருக்கு நாலரை கொடுக்கலாம், பேட்டரியும் ஆப்பும் சேவையும் இழுத்துவிட்டன. வீட்டில் விறகோ சுருளோ சாம்பிராணியோ இருக்கிறது, அவை நோயாளி அறைக்குள் வருகின்றன என்று ஏற்கெனவே தெரிந்தால் மீட்டரே வேண்டாம், அந்த 6,500-ல் கொசுவலையும் ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனும் வாங்குங்கள். அதெல்லாம் செய்தும் ஏன் இழுக்கிறது என்று புரியாதவர்களுக்குத்தான் இது. அப்புறம், நிரந்தரமாக ஒரு வீட்டில் வைத்திருக்கும் பொருளும் இல்லை இது. ஒரு மாதம் போல மாட்டிப் பார்த்தால் உங்கள் வீட்டின் பழக்கமெல்லாம் தெரிந்துவிடும், மழைக்காலத்தில் ஒரு முறை, தீபாவளியிலிருந்து போகி வரை ஒரு முறை பார்த்தால் தாராளம். சொந்தத்தில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். எங்களுடையது இப்போது பெரம்பூரில் சித்தி வீட்டில் இருக்கிறது, சித்தப்பாவுக்கு ஆஸ்துமா. கொடுக்கும் முன் பழைய பதிவை அழித்து, துளையைத் துடைத்து, துணி நாடாவையும் டைரியில் கோடு போட்ட பக்கங்களையும் சேர்த்தே கொடுத்தனுப்பினோம்.